ஆளுக்கு ஒன்று

செங்குட்டுவன் வீட்டில் எது வாங்கினாலும் மூன்றாகத்தான் வாங்குவார்கள். தட்டு மூன்று, டம்ளர் மூன்று, கட்டில் மூன்று. குளிக்கிற பக்கெட்கூட மூன்று, மூன்றிலும் பெயின்ட்டால் பெயர் எழுதியிருக்கும். "மூணு பேரும் ஒரே நேரத்துலயா குளிக்கப் போறோம்?" என்று அவர் மனைவி ஆதிலட்சுமி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். மனுஷன் காதில் வாங்கினால்தானே.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வடக்குத்து என்கிற ஊரில் கூலிக்காரர் வீட்டில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தவர். அவருக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே பள்ளிக்கூடச் சட்டை. திங்கட்கிழமை அண்ணன் போனால் செவ்வாய்க்கிழமை இவர் போவார். ஒரு அலுமினியத் தட்டில் மூன்று பேர் கைவைத்துச் சாப்பிடுவார்கள். யார் கை பெரிதோ அவனுக்கு வயிறு நிறையும், இவர் கை சின்னது. சுரங்கத்தில் பதினான்கு வருஷம் கான்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் வேலை பார்த்து, பர்மனென்ட் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்த அன்று மூன்று எவர்சில்வர் தட்டு வாங்கிக்கொண்டு வந்தார். "என் வூட்டுல இனிமே ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தர் கைய ஒருத்தர் பாத்துக்கினு ஒக்காரக் கூடாது" என்றார். அந்த வார்த்தையை அவர் கடைசிவரை காப்பாற்றினார். அதில்தான் வந்தது வினை.

அந்த மூன்று பேரில் ஒருத்தி இப்போது ஊரைவிட்டுப் போகிறாள். ஒரே மகள் தமிழ்மொழிக்கு இருபத்துநான்கு வயது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இரண்டு வருஷமாக வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தே பார்த்தாள். இனி ஹைதராபாத் ஆபீசுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பயணம். புதன்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது செங்குட்டுவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நாலே நாள். கூடவே இன்னொன்றும் உறைத்தது. இரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், அவளோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிய நாள் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. சாப்டியா, சார்ஜர் எங்க, கதவச் சாத்து. பேச்சென்றால் இவ்வளவுதான்.

போவதற்குள் ஒருதரமாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டார். ஆனால் என்ன சொல்லித் தொடங்குவது? பெற்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க வழி தெரியாமல் ஒரு மனுஷன் முழிப்பானா? முழித்தார்.

வழி பரணில் இருந்து வந்தது. சூட்கேஸை இறக்கச் சொல்லி ஆதிலட்சுமி ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தாள். சூட்கேஸுக்குப் பின்னால் கையை விட்டபோது ஒரு துணிப்பை தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தால் வீடியோ கேம். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது, புத்தகம்போல் திறந்து மூடுகிற சாமான். செங்குட்டுவன் ஸ்டூல்மேல் நின்றபடியே அதன் தூசியை வேட்டியில் துடைத்தார்.

தமிழ்மொழிக்கு எட்டு வயதாக இருக்கும்போது, பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய சாமான் விரித்திருந்தவனிடம் வாங்கியது அது. "ரெண்டு குடுப்பா" என்றுதான் கேட்டார். "ஒண்ணுதாங்க இருக்குது" என்றான் அவன். உள்ளே போடுவதற்கு ஒரே ஒரு கேசட். ஆற்றில் படகு விடுகிற ஆட்டம். பாறையில் இடிக்காமல், சுழலில் மாட்டாமல், ஆளை அக்கரையில் இறக்க வேண்டும். மொத்தம் நூறு கட்டம். விட்ட இடத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும், ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் வைத்துக்கொள்ளும். உனக்குத் தனி, எனக்குத் தனி என்று பிரிக்க அதில் இடமில்லை. வீட்டில் வேறு எதிலும் அவர் நுழையவிடாத பங்கு, அந்த ஒரு டப்பாவில் நுழைந்துவிட்டது.

ஷிப்ட் வேலைக்காரன் வீட்டில் அப்பனும் பிள்ளையும் முகம் பார்ப்பதே அதிசயம். ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவள் எழுந்திருக்க மாட்டாள். செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது தூங்கியிருப்பாள். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் இவர் தூங்குவார், சத்தம் போடாதே என்று அம்மா அவளை வெளியே துரத்துவாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கேம்தான் போய்ப் போய் வந்தது. படகு ஒருதரம் உடைந்தால் கீழே வைத்துவிட வேண்டும், அடுத்தது மற்றவர் முறை. அது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அவள் பள்ளிக்கூடம் போகும்போது டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். இவர் எழுந்து, முகம் கழுவி, டீயைக் குடித்துக்கொண்டே ஒருதரம் ஆடி, அதே இடத்தில் வைப்பார்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அவள் எழுதி வைப்பாள். "அப்பா, 31ல ரெண்டாவது பாறைகிட்ட மெதுவா போ. முதலை வரும்." இவர் அதன் கீழேயே எழுதுவார். "முதலையப் பாத்துட்டேன். நேத்து டிபன் பாக்ஸ்ல பாதி சோறு அப்படியே வந்துதாம். ஏன்?" சாயங்காலம் பதில் வரும். "வயிறு வலி. அம்மாட்ட சொல்லாத, கஷாயம் குடுக்கும்." கேமைப் பற்றித் தொடங்கிய தாளில் இப்படி ஊர்ப்பட்ட சங்கதி ஏறும். எந்த டீச்சர் திட்டினாள், எந்தத் தோழி பேசாமல் போனாள், கணக்குப் பரீட்சையில் என்ன கோட்டை விட்டாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆதிலட்சுமிக்கே தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். எட்டு வருஷம் இப்படி ஓடியது. எண்பத்தேழாவது கட்டம்வரை வந்துவிட்டார்கள்.

அப்புறம் ஏன் விட்டார்கள் என்றால், விட வேண்டுமென்று யாரும் விடவில்லை. அவர் ஒரு போன் வாங்கினார், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒரே ஒருதரம் அந்தக் கேமை ஷிப்ட் பஸ்ஸில் எடுத்துப் போயிருக்கிறார். கூட வேலை பார்க்கிற சிவக்குமார், "என்னா மாமா, பாப்பா கையில இருந்து புடுங்கிக்கினு வந்துட்டியா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. நாற்பத்தெட்டு வயது ஆள் கையில் பொம்மை வைத்திருந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். போனில் அந்த வெட்கம் இல்லை. குனிந்து நோண்டிக்கொண்டிருந்தால் விளையாடுகிறானா, வாட்ஸ்ஆப் பார்க்கிறானா, யாருக்குத் தெரியும்? கொஞ்ச நாளில் பஸ் முழுக்கக் குனிந்தது. சிவக்குமாரும் குனிந்தான். மிட்டாயை உடைக்கிற ஆட்டம் ஒன்று, காசில்லை, கேசட் இல்லை, முடிவும் இல்லை. உயிர் தீர்ந்துபோனால் சிவக்குமாரே பின்சீட்டிலிருந்து ஓர் உயிர் அனுப்புவான்.

அந்த டப்பாவுக்கோ தனிச் சார்ஜர் வேண்டும், அதைச் சொருகுகிற பின் வேறு லொடலொடவென்று ஆடும். புதுக் கேசட் வேண்டுமென்றால் பாண்டிச்சேரி போக வேண்டும். அங்கே போனால் கேம் விற்ற ஆள் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தான். பாக்கெட்டில் ஒன்று கிடக்கும்போது இன்னொன்றை எவன் தூக்கிச் சுமப்பான்? ஆட்டமே உயிரென்று இருந்தவன் வேண்டுமானால் வைத்துக்கொண்டிருப்பான். பொழுதுபோக ஆடினவனுக்குப் பொழுது போனால் சரி. ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் கையிலிருந்து அது அப்படித்தான் நழுவியது, செங்குட்டுவன் கையிலிருந்தும் நழுவியது.

தமிழ்மொழிக்குப் பத்தாவது ரிசல்ட் வந்ததும் அவளுக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். ஆதிலட்சுமிக்கும் ஒன்று. வீட்டில் மூன்று போன். மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, ஒரு வாரம் பஸ்ஸில் அதே பேச்சுதான். அதற்கப்புறம் வருஷக்கணக்காக, "எங்க, பசங்கதான் போன்ல வுழுந்துட்டாங்களே, நம்மள எங்க பாக்குதுங்க" என்று எல்லாரையும் போல அவரும் குறைப்பட்டுக்கொண்டார். அதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலமே கேமையும் அதன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு அடுத்த குவார்ட்டர்ஸ் இன்னாசிராஜிடம் போனார். இன்னாசிராஜ் எலெக்ட்ரிக்கல் செக்‌ஷன், முப்பது வருஷச் சிநேகம்.

"என்னாத்துக்குப்பா இப்ப இது? போன்லயே ஆயிரம் கேம் கெடக்குதே" என்றார் இன்னாசிராஜ்.

"கெடக்குது. எம் பொண்ணு அதுல கெடைப்பாளா?"

இன்னாசிராஜ் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சார்ஜர் பின்னை வெட்டிப் போட்டுவிட்டு, ஒயரை நேராக வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரம் போட்டு வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒயர் நகராமல் இருக்கத் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவரை ஆதிலட்சுமி பார்த்தாள். "கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரமா?" என்றாள். வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று இவர் தீப்பெட்டியைச் சரிபண்ணினார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வீடு வந்ததும் பின்னறைக் கதவைத் தட்டினார். காதில் மாட்டிய மெஷினோடு தமிழ்மொழி திரும்பி, உள்ளங்கையைக் காட்டினாள். மீட்டிங். ஏழு மணிக்குத் தட்டினார், அப்போதும் உள்ளங்கை. வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் போர்வை, தலையணை உறை வாங்க பஜாருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது, விடியாமல் எழுந்து வேலைக்குப் போன மனுஷன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். சனிக்கிழமைக்கு லீவ் எழுதிக் கொடுத்திருந்தார். பெல்ட் அறுந்தாலும் வரமாட்டேன் என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் அவள் ஹாலில் தரையில் உட்கார்ந்து சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். செங்குட்டுவன் பக்கத்தில் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"இது ஞாபகம் இருக்குதாம்மா?"

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு வாங்கினாள். திறந்தாள். பார்க்காமலே கட்டைவிரல் சுவிட்சுக்குப் போனது. திரையில் வெளிச்சம் வருவதற்கு முன்பே, "எண்பத்தேழு" என்றாள்.

எண்பத்தேழுதான். அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவள் ஆடினாள். முதல் பாறையைத் தாண்டி, இரண்டாவது பாறையைத் தாண்டி, சுழலில் மாட்டிப் படகை உடைத்தாள். உடைந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். ஆறும் தெரியவில்லை, படகும் தெரியவில்லை, எல்லாம் ஒரே மசமசப்பு. எழுந்துபோய் வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து ஆடினார். கரையைவிட்டுக் கிளம்பின வேகத்தில் முதல் பாறையிலேயே இடித்தார். தமிழ்மொழி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அவர் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அவருக்கும் சிரிப்பு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. அத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

மனம் நிறைந்துபோன மனுஷனுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது. "எல்லாம் இந்தப் போனால வந்துதும்மா. போனு கைக்கு வந்ததும் நீயும் இத மறந்துட்ட. அந்த வயசு அப்படி. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல" என்றார்.

அவள் சிரிப்பு நின்றது. மடித்த சுடிதாரை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நான் மறக்கலப்பா" என்றாள்.

"பின்ன?"

"எண்பத்தேழுல படகு ஒடஞ்சுதும் கொண்டாந்து உன் தலகாணிகிட்ட வெச்சேன். உன் முறை. நீ எடுக்கல. நைட் ஷிப்ட், அசதியா இருக்கும்னு நெனச்சேன். தெனம் சார்ஜ் போட்டுத் திரும்பத் திரும்ப வெச்சேன். நீ படுத்துக்கினு போன்ல மிட்டாய் ஒடச்சிக்கினு இருந்த. பதினோரு நாள்ப்பா. அப்புறம் நானே எடுத்துப் பையில கட்டிப் போட்டுட்டேன்."

செங்குட்டுவன் கையிலிருந்த கேமை மூடினார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்.

"தாள்ல எழுதி வெச்சேன். அதும்மேலயே போனை வெச்சுட்டுத் தூங்கிட்ட."

"என்னா எழுதியிருந்த?"

அவள் சுடிதாரைச் சூட்கேஸில் வைத்தாள். "அது இப்ப எதுக்குப்பா. அப்ப எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது" என்றாள்.

சமையலறையில் காடாம்புலியூர் முந்திரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஆதிலட்சுமியின் கை நின்றுவிட்டது. அவளுக்கும் இது புதுசு. தமிழ்மொழி குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை. யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"அதுக்கப்புறம் ரிசல்ட் வந்துது. போன் வாங்கிக் குடுத்த. இந்தா, இனிமே ஆளுக்கு ஒண்ணு, கேமுக்காகச் சண்ட போட வேணாம்னு சொன்ன. நமக்குள்ள எப்பப்பா சண்ட வந்துச்சு?"

செங்குட்டுவன் யோசித்துப் பார்த்தார். எட்டு வருஷத்தையும் கிளறிப் பார்த்தார். ஒரு நாள்கூட வந்ததில்லை. சண்டை வந்ததெல்லாம் வடக்குத்தில், அந்த ஒற்றைச் சட்டைக்கும் அலுமினியத் தட்டுக்கும். அந்தச் சண்டையைத் தீர்ப்பதற்கு இங்கே வந்து, இந்தப் பெண் கையில் ஒரு போனைத் திணித்திருக்கிறார். அவள் வாரக்கணக்கில் அப்பாவின் முகம் பார்க்காமல் இருந்தபோதெல்லாம் அந்த டப்பாவைத் திறந்து, அப்பா வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்துகொண்ட பிள்ளை. பிள்ளைகள் போனில் விழுந்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே, முதலில் விழுந்தது யார்? அவருக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸே சிரித்த அன்றுகூட அவ்வளவு வெட்கமாக இல்லை.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வுடுப்பா. நீயும் நல்லதுன்னு நெனச்சுத்தான பண்ண" என்றாள் அவள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னறையில் அவள் போன் அடித்தது. ஆபீஸ். "ரெண்டு நிமிஷம்ப்பா, வந்துடுறேன்" என்று எழுந்து போனாள். முக்கால் மணி நேரம் பேசினாள். அது முடிந்ததும் மாமா வீட்டிலிருந்து வழியனுப்ப ஆட்கள் வந்துவிட்டார்கள். செங்குட்டுவன் சூட்கேஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அப்புறம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒருத்தருக்கும் தெரியாமல், கேமையும் சார்ஜரையும் ஒரு துண்டில் சுற்றி அவள் தோள்பையில் வைத்தார். சென்னை பஸ்ஸுக்கு மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். ஆதிலட்சுமி எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழ்மொழி தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையைத் திறந்தாள். துண்டு கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தாள்.

"இத எதுக்குப்பா வெச்ச?"

"எடுத்துக்கினு போம்மா. இனிமே உனக்கே உனக்கு. முழுசா நீயே ஆடு, யாருக்கும் தர வேணாம்" என்றார் செங்குட்டுவன். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பட்டும் திருந்தாத ஜென்மம் என்று ஆதிலட்சுமி நினைத்திருப்பாள்.

சென்னை பஸ் திரும்பி உள்ளே வந்தது. தமிழ்மொழி துண்டைப் பழையபடி சுற்றினாள்.

"அங்க நான் ஒரு வாட்டி ஆடி முடிச்சுட்டு, யாருகிட்டப்பா குடுப்பேன்?"

என்கிட்ட குடும்மா என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு. அந்தப் பதினோரு நாளில் ஒரு நாளாவது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, இப்போது எந்த முகத்தோடு சொல்வது? அவள் துண்டோடு கேமை அவர் கையில் வைத்தாள், அம்மா நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள், சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.